செல்லே இல்லாமல் புரதத்தைப் பரிணமிக்க வைக்க முடியுமா? எம்.ஆர்.என்.ஏ. டிஸ்ப்ளே: செய்முறையும் சறுக்கல்களும்

கேள்வி இதுதான்: பாக்டீரியா, ஈஸ்ட், ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) எதையும் நம்பாமல், குழாய்க்குள்ளேயே கோடிக்கணக்கான புரதங்களைச் செய்து, அவற்றில் வேலை செய்பவற்றை மட்டும் பொறுக்கியெடுக்க முடியுமா? முடியுமென்றால் ஆய்வகத்தில் எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகும்?

முடியும். 1990களிலிருந்தே செய்துவருகிறார்கள். வழிமுறைகள் பல இருந்தாலும் இந்தப் பதிலில் பெரும்பகுதியை எம்.ஆர்.என்.ஏ. டிஸ்ப்ளேவுக்கே ஒதுக்குகிறேன்: ஒவ்வொரு புரதத்தையும் அதை எழுதிய எம்.ஆர்.என்.ஏ.வோடு (ஜீனின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. நகல்) இணைத்துவைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை இது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலை வேதியியலைவிட அதிகமாகக் கணக்கு. எந்தப் படியில் எத்தனை மூலக்கூறு மிஞ்சுகிறது என்று தாளில் எழுதிப் பார்க்காமல் இறங்குபவர்கள்தான் எட்டாவது சுற்றில் (பொறுக்கியெடுத்துப் பெருக்குவது ஒரு சுற்று) வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

செல்லை ஏன் ஒதுக்க வேண்டும்? 2018 வேதியியல் நோபல் பரிசு ஃபிரான்சஸ் அர்னால்டு, ஜார்ஜ் ஸ்மித், கிரெகரி விண்டர் மூவருக்கும் போனது. நெறிப்படுத்திய பரிணாமமும் (மாற்றங்கள் செய்து, நல்லவற்றைத் தேர்ந்து, திரும்பச் செய்வது) ஃபேஜ் டிஸ்ப்ளேவும் (ஃபேஜின் மேற்பரப்பில் புரதத்தைக் காட்டித் தேர்ந்தெடுப்பது) அந்த அளவுக்கு வெற்றிபெற்ற முறைகள். ஆனால் இரண்டிலும் டி.என்.ஏ.வை உயிருள்ள செல்லுக்குள் நுழைக்க வேண்டும். ஈ. கோலை பாக்டீரியாவில் வழக்கமாக 10⁹ முதல் 10¹⁰ வரையிலான வெவ்வேறு வரிசைகளே உள்ளே போகும். ஈஸ்ட்டில் இன்னும் குறைவு. குழாய்க்குள் அந்த வாசல் இல்லை. 10¹² முதல் 10¹³ வரை, அதாவது 1 லட்சம் கோடி முதல் 10 லட்சம் கோடி வரை, கையாள முடியும். செல்லுக்கு நஞ்சாகும் புரதத்தையும் செய்யலாம். உப்பு, வெப்பம், அமிலத்தன்மை எல்லாம் நாம் வைத்ததே சட்டம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புரதத்தை நகலெடுக்க எந்த நொதியும் கிடையாது. நகலெடுக்க முடிவது டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு புரதமும் தன்னை எழுதிய வரிசையைக் கூடவே சுமந்து வர வேண்டும். செல்லில் அந்த வேலையைச் செல்சவ்வு பார்த்துக்கொள்கிறது. செல் இல்லாதபோது நாம்தான் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி ரைபோசோம் டிஸ்ப்ளே. சூரிக்கில் ஹேன்ஸும் ப்ளூக்துனும் 1997-ல் முழுப் புரதங்களுக்கு இதைச் செய்து காட்டினார்கள். எம்.ஆர்.என்.ஏ.வில் ஸ்டாப் கோடானை (புரதம் முடிந்தது என்று சொல்லும் மூன்றெழுத்து) எடுத்துவிட்டால், அதைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் கடைசியில் வந்து திகைத்து நிற்கும், புரதமும் எம்.ஆர்.என்.ஏ.வும் அதிலேயே தொங்கும். மெக்னீசியத்தைச் சுமார் 50 மில்லிமோலாருக்கு ஏற்றி 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் அந்த மூவர் கூட்டு மணிக்கணக்கில் தாங்கும். பொறுக்கியெடுத்த பின் இ.டி.டி.ஏ. விட்டால் மெக்னீசியம் போய் ரைபோசோம் பிரியும், எம்.ஆர்.என்.ஏ. கையில் வரும். புரதத்தின் கடைசி 20, 30 அமினோ அமிலங்கள் ரைபோசோமின் சுரங்கத்துக்குள் சிக்கியிருக்கும் என்பதால் பின்னால் ஒரு நீண்ட இடைவெளித் துண்டு கட்டாயம். இல்லாவிட்டால் புரதம் மடியவே இடமிருக்காது. இந்த முறையில் இணைப்பு வேதிப்பிணைப்பு அல்ல. சூடு, கடுமையான டிடர்ஜெண்ட், இ.டி.டி.ஏ. என்று எதையும் பொறுக்கியெடுக்கும் படியான செலக்‌ஷனில் பயன்படுத்த முடியாது.

இரண்டாவது, எண்ணெய்க்குள் நுண்துளிகள். டாவ்ஃபிக்கும் கிரிஃபித்ஸும் 1998-ல் வெளியிட்டது. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரே ஒரு ஜீன். 2 மைக்ரான் துளியின் கொள்ளளவு சுமார் 4 ஃபெம்டோலிட்டர். அதற்குள் ஒரு மூலக்கூறு இருந்தாலே செறிவு 0.4 நானோமோலார். நொதியின் வினைவேகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. இலக்கில் ஒட்டும் புரதம் மட்டும் தேடுபவர்களுக்கு இது தேவையற்ற தொல்லை.

மூன்றாவதுதான் எம்.ஆர்.என்.ஏ. டிஸ்ப்ளே. பாஸ்டனில் ராபர்ட்ஸும் ஷோஸ்டாக்கும் 1997-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜப்பானில் நெமோட்டோ, யானகாவா குழுவினரும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஷோஸ்டாக் 2009-ல் நோபல் பெற்றது டெலோமியர் ஆய்வுக்காக, இதற்காக அல்ல. இங்கே புரதம் தன் எம்.ஆர்.என்.ஏ.வோடு உண்மையான சகப்பிணைப்பால் இணைகிறது. அந்த இணைப்பைப் போடுவது பியூரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக். அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றிய டி.ஆர்.என்.ஏ.வின் (ரைபோசோமுக்கு அமினோ அமிலம் கொண்டுவரும் ஆர்.என்.ஏ.) 3' முனையைப் போலவே இருக்கும். ரைபோசோம் ஏமாந்து, வளர்ந்துவரும் புரதத்தை அதன்மேல் ஏற்றிவிடும். டி.ஆர்.என்.ஏ.வில் எளிதில் நீராற்பகுக்கும் எஸ்டர் பிணைப்பு இருக்கும் இடத்தில் பியூரோமைசினில் அமைடு பிணைப்பு இருப்பதால், ஏறியது இறங்காது. பியூரோமைசினை எம்.ஆர்.என்.ஏ.வின் வாலில் முன்கூட்டியே ஒட்டிவைத்துவிட்டால் புரதம் அதன் சொந்த எம்.ஆர்.என்.ஏ.வில் போய் மாட்டிக்கொள்ளும்.

இனி செய்முறை. லைப்ரரி (வெவ்வேறு வரிசைகளின் திரள்) டி.என்.ஏ.வின் அமைப்பு: முன்னால் டி7 புரமோட்டர் (ஆர்.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் இடம்); புரதம் செய்வது ரெட்டிகுலோசைட் லைசேட்டில் (இளம் சிவப்பணுக்களை உடைத்த சாறு) என்றால் புகையிலை மொசைக் வைரஸின் முன்பகுதி, பாக்டீரியா சார்ந்த அமைப்பு என்றால் ரைபோசோம் வந்து பிடிக்கும் ஷைன்-டால்கார்னோ வரிசை; பிறகு தொடக்கக் கோடான்; ஃபிளாக் டேக் (பிடித்தெடுக்க உதவும் சிறு அடையாள வரிசை); சீரற்ற பகுதி; ஹிஸ்டிடின் டேக்; கடைசியில் பியூரோமைசினைத் தாங்கும் லிங்கர் ஒட்டுவதற்கான மாறாப் பகுதி. ஸ்டாப் கோடான் எங்குமே இருக்கக் கூடாது. இருந்தால் ரிலீஸ் ஃபேக்டர் வந்து, பியூரோமைசின் நுழைவதற்குள் புரதத்தை அவிழ்த்துவிடும்.

சீரற்ற பகுதியில்தான் முதல் கணக்கு. மூன்றாம் இடத்தில் ஜி அல்லது சி மட்டும் வரும்படி கோடான்களை அமைத்தால் 32 கோடான்களில் ஒன்றே ஒன்றுதான் ஸ்டாப். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் 80 கோடான்கள் தொடர்ந்து வந்தால் ஸ்டாப் இல்லாமல் தப்புவது 8 சதவீதம்தான். இதோடு டி.என்.ஏ.வை வேதிமுறையில் தயாரிக்கும்போது விடுபடும் நியூக்ளியோடைடுகளைச் சேருங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0.3 சதவீதம் விடுபடுகிறது என்று வைத்தால், 240 இடங்களில் பாதி வரிசைகளுக்கு வாசிப்புச் சட்டகம் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ஒழுங்கு) போய்விடும். ஆக, 10¹³ என்று பெருமையாக எழுதிய லைப்ரரியில் முழுப் புரதம் தருவது 4×10¹¹. தீர்வும் தெரிந்ததே: நீண்ட வரிசையை ஒரேயடியாகச் செய்யாமல் சிறு துண்டுகளாகச் செய்து, ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை எம்.ஆர்.என்.ஏ. டிஸ்ப்ளே செய்து, இரு டேக்குகளும் உள்ளவற்றை மட்டும் பிடித்து, பிறகு ரெஸ்டிரிக்‌ஷன் நொதியால் வெட்டி ஒட்டுவது. ஷோஸ்டாக் குழு 2000-ல் வெளியிட்ட வழி இது. இன்று காசு இருந்தால் மூன்றெழுத்துக் கட்டைகளாகவே தொகுப்பு செய்யச் சொல்லி ஸ்டாப்பை அடியோடு தவிர்க்கலாம்.

இன்னொரு கணக்கு: 20-இன் 10-ஆம் அடுக்கே 10¹³-ஐத் தாண்டிவிடும். எனவே 10 இடங்களுக்கு மேல் சீரற்றதாக விட்டால் எல்லா வரிசைகளையும் பார்க்கிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்ப்பது ஒரு மாதிரியைத்தான். 400 கார இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ.வில் 10¹³ மூலக்கூறுகளின் எடை வெறும் 4.3 மைக்ரோகிராம். அதைப் பெருக்கும்போது 50 மைக்ரோலிட்டர் பி.சி.ஆரில் ஒரு சிட்டிகை வார்ப்பை (நகலெடுக்க வேண்டிய டி.என்.ஏ.வை) மட்டும் போட்டுவிட்டால் வகைமை அங்கேயே செத்துவிடும். மொத்தத்தையும் பல மில்லிலிட்டர் பி.சி.ஆரில், மிகக் குறைந்த சுழற்சிகளில் ஓட்டுங்கள்.

டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கும் டிரான்ஸ்கிரிப்ஷனில் சொல்ல அதிகமில்லை. முடிந்ததும் டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் போட மறக்காதீர்கள். காரணம் பின்னால் வரும். லிங்கர் ஒட்டுவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லிங்கர் என்பது 20-க்கு மேற்பட்ட அடினின்கள் கொண்ட டி.என்.ஏ., முனையில் இரண்டு சைட்டோசின், அதன் பின் பியூரோமைசின். நடுவில் பாலிஎத்திலீன் கிளைக்கால் துண்டுகளை வைத்து வளையவிட்டால் பியூரோமைசின் ரைபோசோமுக்குள் எளிதாகப் போகும். ஒட்டுவதற்கு இரு வழிகள். ஒன்று, குறுக்கே ஒரு இணைப்பு ஆலிகோ (சிறு டி.என்.ஏ. துண்டு) வைத்து டி4 டி.என்.ஏ. லைகேஸ் நொதியால் ஒட்டுவது. டி7 பாலிமரேஸ் கடைசியில் வார்ப்பில் இல்லாத ஒரு நியூக்ளியோடைடைக் கூட்டிவிடும் பழக்கம் உள்ளது. முனை சரியாகப் பொருந்தாது. அதனால் இணைப்பு ஆலிகோவில் அந்த இடத்துக்கு எதிரே நான்கு நியூக்ளியோடைடுகளின் கலவை வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் இணைப்பு ஆலிகோவை யூரியா ஜெல்லில் ஓட்டியோ லாம்டா எக்சோநியூக்ளியேஸ் போட்டோ நீக்கியே ஆக வேண்டும். அது மிஞ்சினால் லைசேட்டில் உள்ள ஆர்.என்.ஏஸ் ஹெச் (டி.என்.ஏ.வோடு பிணைந்த ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி) அந்த இடத்திலேயே எம்.ஆர்.என்.ஏ.வை வெட்டும். வெட்டு விழுவது லிங்கருக்குப் பக்கத்தில், ஆகவே இணைவு (புரதமும் அதன் எம்.ஆர்.என்.ஏ.வும் சேர்வது) கிட்டத்தட்ட சுழியமாகிவிடும். இரண்டாவது வழி, லிங்கரின் முன்னால், ஒளி பட்டால் இழைகளைப் பிணைக்கும் சோரலென் வைத்து 365 நானோமீட்டர் ஒளியில் பனிக்கட்டி மேல் 15, 20 நிமிடம் வைப்பது. முனை பொருந்தாமை இங்கே ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒளியில் அதிக நேரம் விட்டால் ஆர்.என்.ஏ. சேதமாகி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி) நடுவழியில் நிற்கும்.

புரதம் கட்டும் டிரான்ஸ்லேஷனுக்கு முயல் ரெட்டிகுலோசைட் லைசேட் இன்னும் நல்ல தேர்வே. 1 மில்லிலிட்டரில் 200 முதல் 400 நானோமோலார் ஆர்.என்.ஏ., 30 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம். 400 நானோமோலாருக்கு மேல் போட்டால் ரைபோசோம் போதாமல் ஆர்.என்.ஏ. வீணாகும். அதன்பின் பொட்டாசியம் குளோரைடைச் சுமார் 500 மில்லிமோலாருக்கும் மெக்னீசியத்தைச் சுமார் 50 மில்லிமோலாருக்கும் ஏற்றி அறை வெப்பத்தில் இன்னும் கால் மணி முதல் அரை மணி. இந்த உப்புப் படியைத் தவிர்த்தால் இணைவு பல மடங்கு குறையும். பலருடைய குறிப்பேட்டில் விடுபட்டுப்போகும் வரி இதுதான். பிறகு இ.டி.டி.ஏ. போட்டு ரைபோசோமைப் பிரித்துவிடுங்கள். டோக்கியோவில் ஷிமிசு, உவேடா குழு 2001-ல் வெளியிட்ட ப்யூர் அமைப்பு, தூய்மையாக்கிய பாகங்களைக் கலந்து செய்தது. அதில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் தொல்லை குறைவு, ரிலீஸ் ஃபேக்டரையே சேர்க்காமல் விடலாம். குறும்பெப்டைடுகளுக்கு அதுவே மேல். நீண்ட புரதங்களுக்கு விலைதான் தடை.

லைசேட் முழுக்க ஹீமோகுளோபின். அதிலிருந்து இணைவுகளை மீட்க ஆலிகோ டி.டி. செல்லுலோஸ் உதவும்: 1 மோலார் உப்பில் லிங்கரின் அடினின்கள் ஒட்டும், வெறும் நீரில் கழன்றுவரும். இதில் லிங்கர் உள்ள எல்லாமே வரும், புரதம் இல்லாத ஆர்.என்.ஏ.வும் சேர்ந்து. அதற்குத்தான் ஃபிளாக் அல்லது ஹிஸ்டிடின் டேக். இரண்டுக்கும் நடுவே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனை முடித்துவிடுங்கள். காரணம், ஒற்றை இழையாகத் திரியும் ஆர்.என்.ஏ. தானே மடிந்து இலக்கில் ஒட்டிக்கொள்ளும். புரதம் தேடப்போய் ஆர்.என்.ஏ. ஆப்டமர் கிடைக்கும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் எழுதும் சி.டி.என்.ஏ. இழை சேர்ந்தால் அது இரட்டைச் சுருளாக விறைத்து அடங்கிவிடும். இதற்கு ஆர்.என்.ஏஸ் ஹெச் செயல்பாடு நீக்கப்பட்ட ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் தேவை. அந்தச் செயல்பாடு இருந்தால் புரதத்தைத் தாங்கும் ஆர்.என்.ஏ.வையே தின்றுவிடும், சி.டி.என்.ஏ. தனியாக மிதக்கும்.

இப்போது மீதியை எண்ணுவோம். 1 மில்லிலிட்டரில் 400 நானோமோலார் என்றால் 2.4×10¹⁴ ஆர்.என்.ஏ. இணைவு 5 சதவீதம் என்றால் 1.2×10¹³. டி.டி. செல்லுலோஸ், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன், டேக் மூன்றையும் தாண்டி 10 சதவீதம் மிஞ்சினால் கையில் 10¹²-க்குச் சற்று மேல். தேடும் புரதம் 10¹¹-க்கு ஒன்று என்றால், செலக்‌ஷன் குழாய்க்குள் உண்மையான வெற்றியாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். முதல் சுற்றில் கழுவுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டினால் அவர்களும் சாக்கடைக்குப் போவார்கள். முதல் சுற்றை எப்போதும் பெரிய அளவிலும் மென்மையாகவும் நடத்துங்கள். இலக்கு 1 மைக்ரோமோலார் வரை இருக்கட்டும்; இரண்டு மூன்று கழுவல் போதும்.

இறுக்கத்தை ஏற்றுவதும் கணக்கே. இலக்கு 1 மைக்ரோமோலார் இருந்தால் 100 நானோமோலார் பிடிப்புள்ள (எண் குறையக் குறையப் பிடிப்பு இறுகும்) புரதத்தில் 91 சதவீதம் மாட்டும். இலக்கை 10 நானோமோலாருக்கு இறக்கினால் அதே புரதத்தில் 9 சதவீதம்தான் மாட்டும். 1 நானோமோலார் பிடிப்புள்ளது அப்போதும் 91 சதவீதம். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் செறிவை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள்: பயோட்டின் (ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் இறுகப் பிடிக்கும் சிறு மூலக்கூறு) ஏற்றிய இலக்கில் ஒட்டவைத்து, பயோட்டின் இல்லாத இலக்கை மிக அதிகமாகக் கொட்டிக் காத்திருங்கள். விலகும் வேகம் நொடிக்கு 10⁻³ என்றால் அரைவாழ்வு சுமார் 12 நிமிடம். 10⁻⁴ என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு நேரம் காக்க வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் வெற்றியாளர்களில் 50 சதவீதம் மீள்கிறது, பின்னணியில் 0.5 சதவீதம் ஒட்டுகிறது என்று வைத்தால் செறிவூட்டல் 100 மடங்கு. 10¹¹-க்கு ஒன்றிலிருந்து தொடங்கினால் நான்கு சுற்றுகள் முடிந்தபோதும் ஆயிரத்துக்கு ஒன்றுதான். ஐந்தாம் சுற்றில் அளந்தாலும் 0.55 சதவீதம் காட்டும். பின்னணியிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆறாம் சுற்றில் திடீரென 5 சதவீதத்தைத் தொடும். ஐந்தாவதில் நம்பிக்கையிழந்து நிறுத்துபவர்கள் அதிகம். இறுக்கத்தைக் கூட்டுவதைவிடப் பின்னணியைக் குறைப்பதே இங்கே பலன் தரும். 0.5 சதவீதத்தை 0.05 ஆக்கினால் இரண்டு சுற்றுகள் மிச்சம். பி.எஸ்.ஏ. புரதம், டி.ஆர்.என்.ஏ., சிறிது ட்வீன் டிடர்ஜெண்ட் சேர்ப்பது, ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இலக்கில்லாத பீட்ஸில் (நுண்மணிகளில்) ஓட்டி ஒட்டுவதைக் கழிப்பது, சுற்றுக்குச் சுற்று ஸ்ட்ரெப்டாவிடினையும் நியூட்ராவிடினையும் மாற்றிமாற்றிப் போடுவது எல்லாம் இதற்காகத்தான். ஸ்ட்ரெப்டாவிடினைப் பிடிக்கும் ஹிஸ்டிடின்-புரோலின்-குளுட்டமின் வரிசை பெப்டைடு லைப்ரரிகளில் எளிதாகக் கிடைக்கும் ஒன்று. இறுதி வரிசைகளில் அது மீண்டும் மீண்டும் தலைகாட்டினால் நீங்கள் தேர்ந்தெடுத்தது பீட்ஸை, இலக்கை அல்ல.

ஆறேழு சுற்றுகள் கடந்தும் ஒட்டும் சதவீதம் அசையவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய். அதிலும் பி.சி.ஆர். பட்டை வந்தால், டி.என்.ஏஸுக்குத் தப்பிய வார்ப்பு டி.என்.ஏ. எந்தத் தேர்வும் எழுதாமல் அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து பி.சி.ஆர். சுழற்சிகள். தேவைக்கு மேல் ஓட்டினால் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) தீர்ந்து, இழைகள் தங்களுக்குள்ளேயே பின்னி, ஜெல்லில் மேலே இழுபட்ட கறையாகத் தெரியும். குட்டையான வரிசைகள் வேகமாகப் பெருகி லைப்ரரியை விழுங்கும். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை சிறிது எடுத்து ஜெல்லில் பார்த்து, பட்டை தெரிந்ததும் நிறுத்துங்கள். டைசல்ஃபைடு (இரு சிஸ்டீன்களுக்கிடையிலான கந்தகப் பிணைப்பு) தேவைப்படும் ஆன்டிபாடித் துண்டுகளுக்கு வழக்கமான லைசேட் ஆகாது. அதிலுள்ள டி.டி.டி. என்ற ஒடுக்கி அந்தப் பிணைப்பை உடைத்துவிடும். டி.டி.டி. நீக்கிய லைசேட்டில் டைசல்ஃபைடு ஐசோமரேஸ் சேர்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது பொறுக்குவது மட்டுமே. பரிணாமம் என்று சொல்ல மாற்றங்களும் வேண்டும். கேட்வெல், ஜாய்ஸ் 1992-ல் தந்த பிழைமிகு பி.சி.ஆர். இன்னும் போதுமானது: மெக்னீசியம் 7 மில்லிமோலார், மாங்கனீசு 0.5 மில்லிமோலார், நியூக்ளியோடைடுகளில் சி-யும் டி-யும் 1 மில்லிமோலார், ஏ-யும் ஜி-யும் 0.2 மில்லிமோலார், டாக் பாலிமரேஸ். ஒரு பி.சி.ஆருக்கு ஓரிடத்தில் சுமார் 0.66 சதவீதம், 240 நியூக்ளியோடைடுகளில் ஒன்றரை மாற்றம். லைப்ரரியில் ஒட்டுபவை தெளிவாகத் தெரிந்த பிறகே இதைத் தொடங்குங்கள். முன்னதாகவே செய்தால் அரிதாக உள்ள நல்லவற்றைக் கெடுப்பதுதான் மிச்சம்.

கீஃபும் ஷோஸ்டாக்கும் 2001-ல் செய்தது இதற்கு முன்மாதிரி. 80 அமினோ அமிலங்களும் முற்றிலும் சீரற்ற 6×10¹² வரிசைகள், இலக்கு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு). எட்டுச் சுற்றுக்குப் பின் 6.2 சதவீதம் ஒட்டியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, இயற்கையில் அறியப்பட்ட எதையும் ஒத்திராத நான்கு புரதக் குடும்பங்கள். 10¹¹-க்கு ஒன்று என்று மேலே சொன்ன எண் அங்கிருந்து வந்ததே. அடுத்த சுற்றுகளில் பிழைமிகு பி.சி.ஆரும் சேர்த்து 18 சுற்றுவரை போனபோது, ஒரு குடும்பத்திலிருந்து 100 நானோமோலார் பிடிப்புள்ள புரதம் வந்தது. மடிய அதற்குத் துத்தநாகம் தேவை.

நொதியையும் இப்படிப் பிடிக்கலாம், தந்திரம் மட்டும் மாறும். சீலிக்கும் ஷோஸ்டாக்கும் 2007-ல் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் பிரைமரிலேயே வினைப்பொருளை ஒட்டினார்கள். இன்னொரு வினைப்பொருளில் பயோட்டின். இரண்டையும் இணைக்கத் தெரிந்த புரதம் தன் சி.டி.என்.ஏ.வுக்குத் தானே பயோட்டின் மாட்டிக்கொள்ளும், ஸ்ட்ரெப்டாவிடின் பிடித்துக்கொள்ளும். துத்தநாக விரல் புரதத்தின் இரு வளையங்களைச் சீரற்றதாக்கிய 4×10¹² லைப்ரரியிலிருந்து ஆர்.என்.ஏ. ஒட்டும் நொதி இப்படி வந்தது. இதில் ஒரு குறை: ஒரேயொரு வினை நடந்தாலே தேர்ச்சி. திரும்பத்திரும்ப வேலை செய்யும் வேகத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை. அது வேண்டுமென்றால் எண்ணெய்த் துளிகளுக்குத்தான் போக வேண்டும்.

மருந்துத் துறையில் இந்த முறை தந்தவற்றில் இப்போது முன்னணியில் இருப்பவை வளையப் பெப்டைடுகள். டோக்கியோவில் சுகா குழு உருவாக்கிய ஃப்ளெக்சிசைம் என்ற ஆர்.என்.ஏ. வினையூக்கி, இயற்கையில் இல்லாத அமினோ அமிலங்களையும் டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்றும். முதல் அமினோ அமிலத்தில் குளோரோஅசிட்டைல் வைத்தால் அது பின்னால் வரும் சிஸ்டீனோடு தானாகவே இணைந்து வளையமாகும். எம்.ஆர்.என்.ஏ. டிஸ்ப்ளேயில் தொடங்கிய ஜிலுகோப்ளான் என்ற வளையப் பெப்டைடு, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய்க்கு 2023 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செலக்‌ஷன் முடிந்தபின் வரும் ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். டிஸ்ப்ளேயின்போது ஒவ்வொரு புரதத்தின் வாலிலும் அதைவிடப் பன்மடங்கு பெரிய, எதிர்மின்சுமை நிறைந்த நியூக்ளிக் அமிலம் தொங்குகிறது. கரையாத புரதத்தையும் அது கரைத்து வைத்திருக்கும். அதே வரிசையை ஈ. கோலையில் தனியாகச் செய்தால் கட்டிகட்டியாக வீழ்படியும். ஏ.டி.பி. புரதமும் இந்தத் தொல்லையைத் தந்தது. சாபுட்டும் ஷோஸ்டாக்கும் 2004-ல் அந்தப் புரத வகைகளை மறுபடி மாற்றங்களோடு ஓட்டினார்கள், இம்முறை கரைசலில், புரத மடிப்பைக் குலைக்கும் குவானிடின் ஹைட்ரோகுளோரைடைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மடிப்பு உறுதியாக இருந்தவை மட்டும் அந்த நிலையிலும் ஏ.டி.பி.யை விடாமல் பிடித்தன. ஆகவே கரைதிறனும் நிலைப்பும் வேண்டுமென்றால் இறுதி இரண்டு மூன்று சுற்றுகளிலாவது குவானிடினையோ வெப்பத்தையோ சேர்த்துவிடுங்கள். பத்துக்கும் மேற்பட்ட வரிசைகளை, டேக்கும் நியூக்ளிக் அமில வாலும் இல்லாமல், தனியாகச் செய்து பிடிப்பை அளந்த பிறகே எதையும் கிடைத்துவிட்டது என்று எண்ணுங்கள்.